குளம் மூடும் சனிக்கிழமை

நாங்கள் வாங்கியது வீட்டைத்தான். நீச்சல்குளம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கனடாவில், மொன்றியல் நோர் பகுதியில், வீட்டுக்குப் பின்வளவில், வட்டமான இரும்புச் சுவருக்குள் நீலப் பிளாஸ்ரிக் விரித்து நெஞ்சளவு தண்ணீர் விட்டிருந்தார்கள். என் கணவருக்கும் நீந்தத் தெரியாது, எனக்கும் தெரியாது. வீடு பார்க்க வந்த எங்கள் ஆட்கள் அதைச் சுற்றி நின்று, "உதுக்குள்ளை என்ன, மீனே வளர்க்கப் போறியள்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வருடமே அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தரியும் மிளகாயும் வைப்பதாகத்தான் பேச்சு.

அதற்குள் எனக்கு அந்தத் தண்ணீர் பிடித்துப் போய்விட்டது. வில்லரே பகுதியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், இங்கே கார்டெரி என்பார்கள், சமையலறை வேலை எனக்கு. பகல் முழுக்கச் சட்டிகளின் சத்தமும் சின்னஞ்சிறுசுகளின் அழுகையுமாகப் போகும். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் பழைய சட்டையோடு ஏணியில் இறங்கி, மெல்ல மல்லாந்து படுப்பேன். நீந்தத் தெரியாத எனக்கு மிதக்கத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் தெருவில் போகும் பஸ், பக்கத்து வீட்டு ரேடியோ எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். பம்பின் ரீங்காரம் மட்டும் முதுகுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும். மேலே வானம் வெளிறி, பிறகு சிவந்து, பிறகு ஒரு நிறமும் இல்லாமல் போகும். கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்று எனக்கே தெரியாத நேரங்கள் அவை. அந்த வருடங்களில் நான் நிம்மதியாக இருந்த இடம் அந்தத் தண்ணீர்தான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

என் கணவர் தண்ணீரில் இறங்க மாட்டார். முழங்காலுக்கு மேல் நனைந்தால் முகம் மாறிவிடும். ஆனால் குளத்தை அவரைப்போல் பார்த்துக்கொள்ள ஆளில்லை. விடியப்புறம் பேக்கரி வேலைக்குப் போவதற்கு முன்பு தண்ணீரில் ஒரு கடதாசித் துண்டைத் தோய்த்து, அது என்ன நிறத்துக்கு மாறுகிறது என்று பார்ப்பார். தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் மருந்து போதாதென்றால் அளந்து போடுவார். வேலையிடத்தில் அவர் வாயே திறப்பதில்லை. பிரெஞ்சு அவர் நாக்கில் ஏறவில்லை. எத்தனையோ வருடம் ஒன்றாக நின்று பாண் அடுக்கியவர்களோடு தலையாட்டலும் சிரிப்பும்தான். குளத்துக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் அவர் வேறு மனிதர். என்னை விடவும் குளத்துக்குக் கூடுதல் கவனிப்பு என்று நான் குத்திக் காட்டுவேன். "அது திருப்பிக் கதைக்காது" என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் மொன்றியலில் இருந்த எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக ரொறன்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கோடை முடியும்போதும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஆட்கள் இருக்கும் வாங்கு ஒன்று வெறுமையாகும். என் கணவரின் தமையன் ஏற்கெனவே அங்கேதான். கடை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வா, சேர்ந்து நடத்துவோம் என்று ஞாயிறு தவறாமல் போன் எடுப்பார். என் கணவருக்கு ஆசை வந்துவிட்டது. அதில் குற்றம் சொல்ல முடியாது. தமிழிலேயே விடிந்து தமிழிலேயே பொழுதுபடும் ஓர் ஊர், சொந்தக்கடை, பக்கத்தில் கூடப்பிறந்தவர். பாண் தொழிற்சாலையில் ஊமையாக நிற்கும் மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

எனக்கோ இங்கேதான் காலூன்றியது. நாற்பதை நெருங்கும் வயதில் பிரெஞ்சு படித்து, காப்பகத்துப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆளாகியிருந்தேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய சிநேகிதிகள் எல்லாம் இரண்டு தெரு தள்ளி. அதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டேன். ஓகஸ்ற் மாதம் ஒரு பின்னேரம், ஈரத் தலையோடு குசினி வாசலில் நின்று சொன்னேன்: "போறதெண்டா நீங்கள் போங்கோ. எனக்கும் பிள்ளைக்கும் இஞ்சை ஒரு குறையும் இல்லை."

அவர் எழுந்து போய்க் குளத்து இலைகளை அள்ளத் தொடங்கினார். அன்றோடு எங்களுக்குள் கதைபேச்சு நின்றது.

ஒரே வீட்டில் கதைக்காமல் வாழ்வது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. சமையல் நடக்கும், உடுப்புத் தோய்க்கப்படும், எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். நடுவில் ஓர் ஆள் மட்டும் வேண்டும். "அப்பாவிட்டச் சொல்லு, சாப்பாடு போட்டாச்செண்டு" என்பேன். அப்பா அந்தச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் இருப்பார். "அம்மாவைக் கேள், உப்புப் போட மறந்திட்டாவோ எண்டு" என்பார். மகள் சொல்லவும் மாட்டாள், கேட்கவும் மாட்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

ஞாயிறு பூசையில்தான் பெரிய சிக்கல். சமாதானம் சொல்லும் நேரம் வரும். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்பி, சமாதானம் என்று சொல்லவேண்டும். அவர் இடப்பக்கம் திரும்பி யாரோ ஒரு கிழவருக்குச் சொல்லுவார். நான் வலப்பக்கம் திரும்பி, பின்வாங்கு, முன்வாங்கு என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் வாரி வழங்குவேன். மகள் நடுவில் நின்று எங்கள் இரண்டு முதுகுகளுக்கும் சமாதானம் சொன்னாள்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க எனக்கு ஒரே கேள்விதான்: இவர் போகப் போகிறாரா, இல்லையா? கேட்டால் தெரிந்துவிடும். நான் கேட்க மாட்டேன். போங்கோ என்று சொன்ன வாயால் போறியளோ என்று எப்படிக் கேட்பது? தண்ணீர் குளிர்ந்துவிட்டதால் மிதக்கவும் வழியில்லை. காப்பகத்தில் கரட் சீவிக்கொண்டே கனவு காண்பேன். கனவில் அவர் எப்போதும் பெட்டியோடு நிற்பார். பெட்டியைத் திறந்தால் உள்ளே தண்ணீராக இருக்கும்.

ஒக்ரோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை குளத்தை மூடுவது எங்கள் வீட்டு வழக்கம். மூடாவிட்டால் பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து குழாய்களையும் பம்பையும் வெடிக்க வைத்துவிடும். அந்தச் சனிக்கிழமை விடிந்தபோது பின்வளவே தெரியவில்லை. இரவுக் குளிரில் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பி, வேலியையும் மேப்பிள் மரத்தையும் மூடியிருந்தது. அந்த வெள்ளைக்குள் அவருடைய மஞ்சள் மழைச்சட்டை மட்டும் அங்கும் இங்கும் நகர்ந்தது. நான் யன்னலில் தேத்தண்ணியோடு நின்று பார்த்தேன். இலைகள் ஒவ்வொன்றாக வந்து தண்ணீரில் இறங்கின. எந்த அவசரமும் இல்லாத காலைப்பொழுது.

மூடும் விதத்தைப் பார்த்தே அவருடைய மனதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். அடுத்த வருடம் திறக்க இருப்பவன் கவனமாக மூடுவான். விட்டுப்போகிறவன் ஏனோதானோவென்று மூடுவான். இவ்வளவுதான் என் கணக்கு.

மகளைக் கூப்பிட்டு, "அப்பாவிட்டக் கேள், என்ன உதவி வேணுமெண்டு" என்றேன். அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, தான் ஒன்றும் தபால்காரி இல்லை என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். கதவு சாத்திய சத்தத்தை நாங்கள் இருவரும் கேட்டோம். இனி வீட்டில் நடுவாள் இல்லை.

ஊரில் என்றால் கோபத்தில் இருக்கும் புருஷனும் பெண்சாதியும் நாயையோ கோழியையோ பார்த்துக் கதைப்பார்கள், மற்றவருக்குக் கேட்கும்படி. எங்களிடம் நாயும் இல்லை, கோழியும் இல்லை. நான் வெளியே வந்ததும் அவர் பம்புக்கு முன்னால் குந்தியிருந்து, அதைப் பார்த்துச் சொன்னார்: "முதல்லை இலை அள்ளவேணும். அள்ளாமல் மூடினால் பனி போனாப் பிறகு தண்ணி தேத்தண்ணி மாதிரி நிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நீண்ட தடியில் கட்டிய வலையை எடுத்து, வலையிடம், "இலை அள்ளுறது எங்களுக்குத் தெரியாதெண்டு ஆரோ நினைக்கினம்" என்றேன்.

"மருந்து ஊத்திப்போட்டுக் கொஞ்ச நேரம் தண்ணியை ஓடவிடவேணும்" என்றார் பம்பிடம்.

"ஆரோ காலமையிலை சாப்பிடவுமில்லை" என்றேன் வலையிடம்.

இப்படியே போனது. அவர் மருந்து ஊற்றினார், ஓடவிட்டார், பம்பை நிறுத்தினார். பிறகு தோட்டக் குழாயைத் தண்ணீருக்குள் போட்டு, அதன் மறுநுனியைத் தெருவோரக் கழிவுநீர்க் கானுக்குக் கொண்டுபோய்விட்டார். தண்ணீர் முழுவதையும் இறைப்பதில்லை. பக்கச் சுவரில் குழாய் பூட்டிய ஓட்டைகளுக்குக் கீழே இறங்கினால் போதும். அதற்கே வெகுநேரம் எடுக்கும். நான் குளத்தின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கும்போது அசைவே தெரியாது. கண்ணை எடுத்துத் திரும்பிப் பார்த்தால் நீலச் சுவரில் ஓர் ஈரக்கோடு கூடியிருக்கும். ஆவி விலகி வெயில் வந்தது. கோடை முழுக்க நான் முதுகில் கேட்ட அந்த ரீங்காரம் இல்லாமல் வளவு வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் ஒவ்வொரு குழாயாகக் கழற்றினார். கழற்றியதை வெயிலில் காயப்போட்டார். இறப்பர் வளையங்களைத் துணியால் துடைத்தார். ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து வைத்தார். முந்திய வருடங்களை விடக் கூடக் கவனம். எனக்கு நெஞ்சு இளகத் தொடங்கியது. போகிறவன் இப்படிச் செய்வானா? குசினிக்குள் போய், பாணுக்குச் சம்பல் வைத்து மடித்துக் கொண்டுவந்து பம்பின் தலையில் வைத்தேன். பம்பிடமிருந்து எடுத்து அவர் சாப்பிட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே கதைத்தார். அன்றைக்கு அவர் நிறையக் கதைத்தார். வழக்கத்தில் நாலு சொல்லுக்கு மேல் பேசாத மனிதர்.

"திறக்கேக்கை இந்த இறப்பருக்குக் கொஞ்சம் கிரீஸ் பூசவேணும். இல்லாட்டிக் காத்து இழுக்கும். குழாய் பூட்டுற நட்டைக் கையாலை இறுக்கினாக் காணும், குறடு போட்டால் வெடிச்சிடும்."

நான் இலை அள்ளிக்கொண்டிருந்தேன்.

"உன்ரை மூடி ரெண்டும் உன்ரை வயித்துக்குள்ளையே கிடக்கு. தேடித் திரியத் தேவையில்லை." பம்பின் கூடைக்குள் இரண்டு சிறிய மூடிகளைப் போட்டார். அவை பம்பிலிருந்து தண்ணீர் வடிய விடும் துளைகளின் மூடிகள். "குளத்தை மூடுற உறைக்கு மேலை நிக்கிற பனித்தண்ணியை முதல் இறைக்கவேணும். இறைக்காமல் இழுத்தால் ஊத்தை எல்லாம் உள்ளை போயிடும். கரண்டைப் போடமுதல் உனக்குள்ளை ஒரு வாளி தண்ணி ஊத்தவேணும், வெறும் வயித்தோடை ஓடவிட்டால் எரிஞ்சு போவாய்."

நான் தலையாட்டியிருக்கவும் கூடும். வலைத்தடியின் ஈரம் கைக்குச் சில்லென்று இருந்தது. அவருடைய குரலைக் கேட்பதே எனக்குப் போதுமாக இருந்தது. என்ன சொல்கிறார் என்பதை விட, சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது. அவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தக் குரல் இலைகளுக்கு நடுவில் நடந்து திரிந்தது.

அவர் பம்பைத் தூக்கினார். வருடா வருடம் அதைத் தோளில் வைத்து நிலவறைக்குக் கொண்டுபோவது அவர்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார். படி வாசலில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, பம்பிடம் சொன்னார்: "உன்னைத் தனியத் தூக்கப்படாது. இடுப்புப் பிடிச்சிடும். மேலை ஏத்தேக்கை பக்கத்து வீட்டு மனிசனைக் கூப்பிடவேணும். நல்ல மனிசன், கேட்டால் வருவார்."

அவர் கீழே இறங்கிப் போய்விட்டார். நான் வலைத்தடியோடு அப்படியே நின்றேன்.

பக்கத்து வீட்டு மனிசனை யார் கூப்பிடுவது? அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பிரெஞ்சில் இரண்டு சொல் சேர்த்துப் பேசத் தெரியாத மனிதர் எப்படிக் கூப்பிடுவார்? கூப்பிடப் போவது நான். பனி போன பிறகு அந்தப் பம்பை மேலே ஏற்றப் போவது நான். கிரீஸ் பூசப் போவதும், வாளியில் தண்ணீர் ஊற்றப் போவதும் நான். விடிந்ததிலிருந்து அவர் குளத்தை மூடவில்லை. எனக்குத் திறக்கச் சொல்லித் தந்துகொண்டிருந்தார்.

என் கணக்குப் பிழைத்துப் போயிற்று. விட்டுப்போகிறவனும் கவனமாக மூடுவான். விட்டுப்போகும் இடத்தில் தனக்கு வேண்டியவள் இருந்தால் இன்னும் கவனமாக மூடுவான். குளத்தின் சுவரில் சாய்ந்து நின்றேன். தண்ணீரில் என் முகமும் வானமும் மேப்பிள் கிளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து ஆடின. அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலத்தில்கூட அப்படிப் பயந்ததில்லை.

அவர் திரும்பி வந்தபோது கையில் காற்றடைத்த பெரிய தலையணை இருந்தது. அதைக் குளத்தின் நடுவில் மிதக்கவிட்டு, இரண்டு கரைக்கும் கயிற்றால் கட்டவேண்டும். தண்ணீர் உறைந்து பருக்கும்போது தலையணையை நெரிக்கும், சுவரை நெரிக்காது. கட்டும் வேலை ஒருவரால் ஆகாது. அவர் ஒரு கரையில் முடிச்சுப் போட்டார், நான் மறுகரையில் போட்டேன். அதற்குமேல் விரிக்கும் உறையும் ஒருவரால் ஆகாது. ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, தண்ணீரில் விழாமல், ஒரே சீராக இழுக்கவேண்டும். அவர் உறையின் ஒரு விளிம்பை எடுத்தார். மறுவிளிம்பை நான் எடுத்தேன். எங்களுக்கு நடுவில் பாதி மூடிய குளம்.

அவர் தலையணையைப் பார்த்து, "காத்து வராத நாளாப் பாத்து—" என்று தொடங்கினார்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றேன். அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார். ஓகஸ்ற்றுக்குப் பிறகு அன்றுதான் நேராகப் பார்த்தோம். இளைத்திருந்தார். "எது?" என்றார்.

"காலமையிலையிருந்து சொன்னது."

"எல்லாமோ?"

"எல்லாம்."

"பம்பின்ரை மூடி எங்கை கிடக்குதெண்டு இப்பதானே சொன்னனான்."

"எனக்குக் கேக்கேல்லை."

"பக்கத்திலைதானே நிண்டனீர்."

"நிண்டனான். கேக்கேல்லை."

நான் சொல்வது சுத்தப் பொய் என்று அவருக்குத் தெரியும். முந்திய வருடம் அவர் மறந்துபோன ஒரு மூடியை எடுத்துக் கொடுத்ததே நான்தான். "அப்ப திருப்பிச் சொல்லட்டே?" என்று கேட்டார்.

"வேண்டாம். எத்தினை தரம் சொன்னாலும் எனக்கு விளங்காது. விளங்கவும் தேவையில்லை."

உறை எங்கள் கைகளுக்கு நடுவில் மெல்ல உப்பித் தாழ்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, "அண்ணைக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன். தை மாதம் வாறனெண்டு" என்றார்.

"இல்லையெண்டும் சொல்லலாம்."

"நீர்தானே போகச் சொன்னனீர்."

"ஓம், சொன்னனான். இப்ப போகாதேங்கோ எண்டு சொல்லுறன்."

எனக்கே அது பிடிக்கவில்லை. நான் அப்படிக் கெஞ்சுகிற ஆள் இல்லை. ஆனாலும் இன்னொரு தடவை சொன்னேன், "போகாதேங்கோ." இந்த வீட்டை விட, வேலையை விட, மிதக்கிற தண்ணீரை விட எனக்கு இந்த மனிதர் வேண்டும் என்று அந்த நேரத்தில்தான் முழுதாகத் தெரிந்தது. அதையும் சொல்லியிருப்பேன். அதற்குள் காற்றடித்து உறையைத் தூக்கிவிட்டது.

"பிடியும், விட்டிடாதையும்" என்றார். இருவரும் சேர்ந்து இழுத்தோம்.

விளிம்புத் துளைகளுக்குள் கம்பியைக் கோத்து அவர் இறுக்கி முடித்தபோது வெயில் மரத்துக்குப் பின்னால் போயிருந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்த் தமையனுக்குப் போன் எடுத்தார். நான் குசினியில் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கதை லேசில் முடியவில்லை. வரவில்லை என்றதும் தமையனுக்குப் பெரிய கோபம். அதற்குப் பிறகு வெகுகாலம் தமையன் போன் எடுக்கவே இல்லை. கடையை வேறு யாரோ எடுத்தார்கள். நல்லாய்ப் போகிறது என்று கேள்விப்பட்ட நாட்களில் என் கணவர் இன்னும் குறைவாகவே கதைத்தார். அந்தப் பனிக்காலம் இரண்டு பேருக்குமே பாரமாகத்தான் இருந்தது. பாண் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். அவர் எனக்காக எதை விட்டார் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பனி உருகியதும் பம்பைத் தோளில் வைத்துத் தனியே மேலே ஏற்றினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மூடிகளைத் தேடத் தொடங்கினார். எங்கே போட்டார் என்பதை மறந்துவிட்டார். மழைச்சட்டைப் பையில் பார்த்தார், ஆணிப்பெட்டியில் பார்த்தார், நிலவறைக்குப் போய் வந்தார். "நீர் கண்டனீரே?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

அவர் தேடிக்கொண்டே இருந்தார். பம்பின் வயிற்றுக்குள்தான் கிடக்கின்றன என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அந்தக் குளத்தைத் திறக்க எனக்குத் தெரியாது.